ஒரு விரற்கடைப் பச்சைக் கோடு

பெட்டை நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்யும் கால்நடை மருத்துவர்களுக்கும், கருத்தடை முகாம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டு நாயின் வயிற்றை இரண்டு முறை திறந்தாகிவிட்டது. முதல் முறை யார், எங்கே, எப்போது செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை கூட்டிக்கொண்டு போனது நான்தான். சம்மதப் படிவத்தில் இருப்பதும் என் கையெழுத்துதான். கருத்தடை செய்த பெட்டை நாயின் வயிற்றில் அடையாளமாக ஒரு பச்சைக் கோடு குத்திவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

செவலை எங்களிடம் வந்தபோதே வளர்ந்த நாய். பல்லைப் பார்த்து மூன்று வயது இருக்கும் என்றார்கள். தெருவிலேயே பிறந்தவளா, யாராவது வளர்த்துக் கைவிட்டவளா, தெரியவில்லை. கருத்தடை செய்த தெரு நாய்க்கு அடையாளமாகக் காதை வெட்டுவார்கள், இவளுக்குக் காது இரண்டும் முழுசாக இருந்தன. பெட்டை நாய் ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும் என்று கேள்விப்பட்டு எட்டு மாதம் காத்திருந்து பார்த்தோம், வரவில்லை. “சில நாய்க்கு வெளியே தெரியாமலே வந்துட்டுப் போயிடும்” என்றார் மருத்துவர். அதுவும் நடப்பதுதான். நாள் குறித்துவிட்டோம்.

அரை மணியில் முடியும் என்ற அறுவை ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தவர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. “உள்ளே ஒண்ணுமே இல்லைங்க. ஏற்கெனவே எடுத்திருக்காங்க.”

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் நாயைக் கொண்டுவந்து விடுகிற என்னைப் போன்றவர்களுக்குத் தெரியாது: இருக்கிற கருப்பையை எடுப்பதைவிட இல்லாத கருப்பையைத் தேடுவது பெரிய வேலை. கைக்கு அகப்படவில்லை என்றால் வெட்டை நீட்ட வேண்டும். குடலை ஒதுக்கிவிட்டு, இரண்டு சிறுநீரகங்களுக்கும் பின்பக்கம் முட்டை உண்டாகிற சூல்பையின் மிச்சம் மீதி இருக்கிறதா என்று துழாவ வேண்டும். செவலைக்குச் சிறுநீர்ப்பையை மடக்கிப் பார்த்தபோது, அதற்கும் பெருங்குடலுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு முளை இருந்ததாம். பழைய கருப்பையின் அடி. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நிச்சயமாகியிருக்கிறது. அவ்வளவு நேரமும் அவள் மயக்கத்தில், வயிறு திறந்தபடி, உடம்பு குளிர்ந்துகொண்டே கிடந்தாள்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டுக் காட்டினார். சிரைத்த வயிற்றில் புதுத் தையல் சிவந்திருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, தையலின் மேல்முனைக்குப் பக்கத்தில் தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளிக் கோடு. நேராகப் பார்த்தால் இல்லை, சாய்த்துப் பார்த்தால் இருக்கிறது. “தோலுக்கு அடியிலேயே கரையிற நூல் போட்டுத் தச்சிருக்காங்க. நல்லா பண்ணியிருக்காங்க, அதான் தெரியல” என்றார்.

நல்லா பண்ணியிருக்காங்க, அதான் தெரியல. இந்த மடலை எழுத வைத்தது அந்த வார்த்தைதான். எவ்வளவு சுத்தமாகச் செய்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் அந்த அறுவை நடந்ததே மறைந்துபோகிறது. பிறகு இன்னொருவர் கத்தியை எடுக்கிறார்.

ஆண் நாயில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் கிடையாது. விரை எடுத்தது வாலைத் தூக்கினாலே தெரிந்துவிடும். பெட்டைக்கு எல்லாம் உள்ளே. தழும்பு அகப்பட்டாலும் அது சாட்சி ஆகாது. குட்டியை வயிற்றைக் கிழித்து எடுத்த தழும்பாக இருக்கலாம், தொப்புள் பிதுக்கத்துக்குத் தைத்ததாக இருக்கலாம். விலாப்பக்கமாக வெட்டி எடுத்திருந்தாலோ அடிவயிற்றில் எதுவுமே இருக்காது. ஸ்கேனில் சூல்பை தென்படவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சூல்பை இருந்தால் ஏஎம்எச் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இருக்கும், ஆனால் பருவம் எட்டாத குட்டியில் அந்த முடிவை நம்ப முடியாது. சூல்பையை எடுத்துவிட்டால் எல்எச் ஹார்மோன் கூடியே நிற்கும், ஆனால் சூல்பை உள்ள நாய்க்கும் முட்டை வெளிப்படும் சமயத்தில் அது ஏறும், ஆகவே இன்னொரு நாள் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். வீட்டு நாய்க்கு இதையெல்லாம் செய்யலாம், செய்யவும் வேண்டும். எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். கூண்டு கூண்டாக நாய்கள் காத்திருக்கும் முகாமில் யார் செய்வது?

ஒரு கோடு போட்டிருந்தால் இது எதுவும் தேவைப்பட்டிருக்காது.

பச்சை குத்துவதைச் சொல்கிறேன். தமிழில் அந்தச் சொல்லிலேயே நிறம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இந்த வேலைக்கு உகந்த மையும் பச்சைதான். கறுப்போ நீலமோ என்றால் மச்சம், ரத்தக்கட்டு, நரம்பு என்று குழப்பும். நாயின் தோலில் தானாகப் பச்சை வருவதில்லை. அமெரிக்காவில் விலங்குக் காப்பக மருத்துவர்களின் சங்கம் ஒன்று, அசோசியேஷன் ஆஃப் ஷெல்டர் வெட்டரினேரியன்ஸ், 2008இல் கருத்தடைப் பணிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. பெட்டைக்கு நடுவயிற்று வெட்டின் மேலேயோ அதை ஒட்டியோ ஒரு பச்சைக் கோடு வேண்டும் என்கிறது அது. விலாவழியாகச் செய்தாலும் கோடு நடுவயிற்றில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்தவர் சிரைத்துப் பார்க்கப்போவது அங்கேதான். இதை யோசித்தவர் நிச்சயம் கருப்பை இல்லாத ஒரு வயிற்றைத் திறந்து பார்த்தவராக இருப்பார்.

தையல் முடிந்ததும், பக்கத்தில் தோலின் மேல்புறத்தை மட்டும் லேசாகக் கீறி, மையை வைத்து, தோலை ஒட்டுகிற திசுப்பசையால் மூடிவிட்டால் ஆயிற்று. இரண்டு விரற்கடை நீளம்கூட வேண்டாம். நாய் மயக்கத்தில்தான் இருக்கிறது, தனியாக வலி இல்லை. உங்களுக்கு ஓரிரு நிமிடம்.

தெரு நாய்க்கு இது மட்டும் போதாது. வயிற்றுக் கோடு கத்தியிலிருந்து காப்பாற்றும், வலையிலிருந்து காப்பாற்றாது. பிடிபட்டு, வண்டியில் ஏறி, கூண்டில் கிடந்து, மயக்க ஊசியும் போட்டுச் சிரைத்த பிறகுதான் கோடு தெரியும். அதனால்தான் காது வெட்டு. இந்தியாவில் 2001இல் வந்த நாய்ப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளே காதை வெட்டியோ பச்சை குத்தியோ அடையாளம் வைக்கச் சொல்லின. என் குறை, அந்த வெட்டு பல இடங்களில் ஏனோதானோவென்று இருப்பதுதான். கடிபட்டுக் கிழிந்த காதுக்கும் மருத்துவர் வெட்டிய காதுக்கும் பத்தடி தூரத்திலிருந்து வித்தியாசம் தெரிய வேண்டாமா? ஒரு பகுதியில் வேலை செய்கிற எல்லாரும் ஒரே காது, ஒரே வடிவம், நேரான விளிம்பு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியதோடு வயிற்றுக் கோட்டையும் போட்டுவிடுங்கள். காது பிறகு கிழிந்துபோனாலும் கோடு இருக்கும்.

வீட்டு நாய்க்கு எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், உங்களிலும் சிலர். சான்றிதழ் இருக்கிறதே, தோலுக்கு அடியில் வைக்கிற சிப் இருக்கிறதே என்று. சான்றிதழ் மேசை இழுப்பறையில் இருக்கும், நாய் தெருவில் இருக்கும். சிப் ஓர் எண், அவ்வளவுதான். அதைப் படிக்கக் கருவி வேண்டும், எண்ணுக்கு எதிரே அறுவை நடந்ததை யாராவது பதிந்திருக்க வேண்டும். கழுத்துப் பட்டை அறுந்துவிடும். தொலைந்த நாள் முதல் வீட்டு நாயும் ஊர்பேர் தெரியாத நாய்தான். காதை வெட்டச் சொல்லி வீட்டு நாய் வளர்ப்பவர்களை நான் கேட்கவில்லை. முடி வளர்ந்தால் மறைந்துவிடுகிற கோட்டுக்கு என்ன அழகு கெட்டுவிடப்போகிறது?

இன்னும் இரண்டு விஷயம். கருப்பையை மட்டும் எடுத்துச் சூல்பையை விட்டுவைத்த நாய்க்கு இதே கோட்டைப் போடாதீர்கள். அவள் பருவத்துக்கு வருவாள், கோட்டை நம்புகிறவர் ஏமாறுவார். இரண்டாவது, எங்கள் கதை மாதிரித் திறந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று மூடுகிறீர்களே, அப்போது மறக்காமல் கோடு போட்டுவிட்டு மூடுங்கள்.

ஏனென்றால் செவலைக்குப் போடவில்லை. அன்றைக்கு அங்கே மை இல்லை. இந்த முறையும் தோலுக்கு அடியில் கரையும் நூல்தான். முடி முழுக்க வளர்ந்துவிட்டது. நேற்று அவளை மல்லாத்திப் போட்டு முடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன், விளையாட்டு என்று நினைத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்கே தைத்தார்கள் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. கேட் திறந்து கிடந்தால் ஓடிவிடுகிற நாய் அது.

கடைவாய்ப் பல்லில் காறை கட்டியிருக்கிறது, சுத்தம் செய்ய எப்படியும் மயக்கம் கொடுக்க வேண்டும், அப்போது போட்டுவிடுகிறேன் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மை வாங்கி வைத்துவிட்டாராம்.

இப்படிக்கு,
செவலையின் வீட்டிலிருந்து