கார் கணினிக்குச் சார்ஜர் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் கார் எலெக்ட்ரீஷியனாகத் தொழில் செய்து வருகிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 எனும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு, டி.எச். ரோடு முதல் மாதவரம் வரை சிறு பட்டறைகளில்கூட ஸ்பேனருக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் இடம்பிடித்துவிட்டது. ஆயினும், இசியூ எனப்படும் கார் கணினியில் மென்பொருள் ஏற்றும்போது வண்டிக்கு எதிலிருந்து மின்சாரம் கொடுக்கிறோம் என்பதில் நாங்கள் போதிய அக்கறை காட்டுவதில்லை.

சென்ற கோடையில் வாடகைக் கார் ஒன்றுக்கு, பேட்டரியில் வழக்கமான 6 ஆம்ப் சார்ஜரை மாட்டிவிட்டு மென்பொருள் ஏற்றிக்கொண்டிருந்தேன். திரையில் 60 சதவீதம் தாண்டிய நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கியது, மல்டிமீட்டரில் 12.3 வோல்ட் என்றிருந்த அளவு 11.6 ஆக இறங்க, மென்பொருள் ஏற்றும் ஸ்கேனர் கருவியுடன் இருந்த தொடர்பு அறுந்தது. பழைய மென்பொருள் அழிந்து, புதியது பாதி மட்டுமே பதிவாகிய நிலையில் இசியூ முடங்கிப்போனது. அதைக் கழற்றி மீட்டெடுக்க நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களும் அந்த ஓட்டுநருக்கு வருமானம் இல்லை; அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

சார்ஜர் பேட்டரியை நிரப்புவதற்காகச் செய்யப்பட்டது. பேட்டரியின் நிலைக்கேற்ப அதன் வோல்டேஜ் ஏறி இறங்கும், திடீரென்று லோடு கூடினால் அதனால் ஈடுகொடுக்க இயலாது. இப்படி மென்பொருள் ஏற்றும் புரோகிராமிங் வேலைக்கென்றே வரும் பவர் சப்ளையோ, ஃபேன் ஓடினாலும் விளக்கு எரிந்தாலும், வைத்த அளவை, பொதுவாக 13.5 வோல்ட் அளவில், அசையாமல் பிடித்து நிற்கும். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் உள்ள உச்ச ஆம்ப் எண்ணைப் பார்த்து ஏமாறாமல், இடைவிடாது எத்தனை ஆம்ப் தரும் என்று கேட்க வேண்டும். சிறிய கார்களுக்கு 50 ஆம்ப், கணினிகள் மிகுந்த பெரிய வண்டிகளுக்கு 100 ஆம்ப் இருப்பது நல்லது என்பது என் கருத்து. வயரின் தடிமனும் முக்கியம். வயரிலும் கிளாம்ப்பிலும் சேர்ந்து 0.01 ஓம் தடை இருந்தாலே 50 ஆம்ப் ஓடும்போது அரை வோல்ட் வழியிலேயே போய்விடும் என்பதால், வோல்டேஜை பவர் சப்ளையின் திரையில் பார்க்காமல் பேட்டரி முனையில் பார்க்க வேண்டும். பக்கத்து வண்டியை ஸ்டார்ட் செய்து ஜம்பர் வயர் போடும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும்.

கோடையில் நம் பகுதியில் கரன்ட் போவதும் உண்டு. 13.5 வோல்ட்டில் 50 ஆம்ப் என்றால் 675 வாட். இழப்பையும் சேர்த்தால் சுமார் 800 வாட் ஆகும். அதைத் தாங்கக்கூடிய, சீரான அலையாக மின்சாரம் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் வழியாகவே பவர் சப்ளையை இயக்குவதும், தொடங்கும் முன்பே பேட்டரியை முழுமையாக ஏற்றிவைப்பதும் பாதுகாப்பு.

இந்தப் பாடத்தை அரசு ஐ.டி.ஐ.களின் மோட்டார் மெக்கானிக் செய்முறை வகுப்பில் சேர்க்குமாறும், பல பட்டறைகள் பொதுவில் வாங்கிப் பகிர்ந்துகொள்ள ஏதுவாக இக்கருவிக்குச் சிறுதொழில் கடன் வழங்குமாறும் அரசைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கார் எலெக்ட்ரீஷியன்,
தண்டையார்பேட்டை, சென்னை.