எருவுக்குள் நின்ற தெய்வம்: ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கிரேக்கச் சேகரிப்பில் தலைமேல் பேழை சுமக்கும் பெண்ணின் மார்பளவுச் சலவைக்கல் சிலை ஒன்று இருக்கிறது. முகம் தேய்ந்துபோன, ஆளைவிடப் பெரிய சிலை. அதை ஏதென்ஸுக்கு மேற்கே இருக்கும் எலூசிஸ் ஊருக்கே திருப்பி அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நான் கிரேக்க நாட்டுக்காரன் அல்ல. கிரேக்கக் கதைகளை விரும்பிப் படிக்கும் தமிழ் வாசகன், அவ்வளவுதான்.

ஏதென்ஸின் அதீனா கோயிலான பார்த்தினானிலிருந்து பிரிட்டனுக்குப் போன சிற்பங்களைப் பற்றி உலகமே பேசுகிறது. உங்களிடம் இருக்கும் சிலையின் வழக்கு அதைவிடத் தெளிவானது என்பேன். எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பார்த்தினானில் சிற்பங்களைப் பெயர்த்தபோது அங்கே அதீனாவை யாரும் கும்பிடவில்லை. எலூசிஸில் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதற்குச் சாட்சி, சிலையை எடுத்துவந்த எட்வர்ட் டேனியல் கிளார்க் தன் கைப்பட எழுதிய பயண விவரம்தான். 1801 நவம்பரில் அவர் அங்கே போனபோது, இடிந்த கோயில் தளத்துக்கு அப்பால், கழுத்துவரை எருக்குவியலில் புதைந்து நின்றாள் அவள். வயலுக்குப் போக வேண்டிய எருவை ஊர்க்காரர்கள் அவளைச் சுற்றித்தான் குவித்தார்கள். நிலம் விளைவது அவளால்தான், அவள் போனால் அறுவடை பொய்த்துவிடும் என்றார்கள். தலைப்பேழையில் செதுக்கியிருந்த கோதுமைக் கதிர்களை அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். கிளார்க், அப்போது அங்கே ஆண்டுகொண்டிருந்த துருக்கியரின் ஆளுநருக்கு ஒரு தொலைநோக்கியைக் கொடுத்து அனுமதி வாங்கினார். வேலை தொடங்கும் நேரத்தில், நுகத்திலிருந்து அவிழ்ந்த மாடு ஒன்று சிலையைக் கொம்பால் முட்டிவிட்டு, கத்திக்கொண்டே சமவெளியில் ஓடியது. ஊரே கூடிவிட்டது. சிலையைப் பெயர்க்கத் தொடுகிறவன் கை விழுந்துவிடும் என்று பயந்தார்கள். ஊர்ப் பாதிரியார் பூசை அங்கியோடு வந்து முதல் வெட்டு வெட்டிய பிறகுதான் மற்றவர்கள் கை வைத்தார்கள். அப்போதும், சிலையை ஏற்றிப்போகும் கப்பல் கரைசேராது என்றார்கள். பிரின்செஸா என்ற அந்தக் கப்பல் 1802இல் இங்கிலாந்தின் தென்கரையில் பீச்சி ஹெட் அருகே உடைந்தது. சிலையை மீட்டு 1803இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது 1865இல் உங்களிடம் வந்தது.

கப்பல் உடைந்ததைச் சாபம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கப்பல்கள் உடைந்துகொண்டேதான் இருந்தன. ஊர்க்காரர்கள் அவளை யாராக நினைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அவர்களுக்கு அவள் டிமிட்டர், விளைச்சலைத் தரும் பழைய கிரேக்கத் தாய்த் தெய்வம். ஹோமரின் பெயரில் வழங்கும் பழைய துதிப்பாடல் ஒன்று அவள் கதையைச் சொல்கிறது. பூப்பறித்துக்கொண்டிருந்த மகள் பெர்சிபோனியைப் பாதாள அரசன் ஹேடிஸ் தேரில் தூக்கிக்கொண்டு போகிறான். பெண்ணின் தகப்பனும் தேவர்களின் அரசனுமான ஜீயஸுக்கு இது முன்பே தெரியும். சம்மதம் கொடுத்ததே அவன்தான். பெற்றவளையும் கேட்கவில்லை, பெண்ணையும் கேட்கவில்லை. டிமிட்டர் ஒன்பது நாள் தீப்பந்தத்தோடு அலைகிறாள், உண்ணவில்லை, குளிக்கவில்லை. உண்மை தெரிந்ததும் தேவர்கள் சபைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கிழவி வேடத்தில் எலூசிஸ் கிணற்றடியில் வந்து உட்கார்கிறாள். நீர் மொள்ள வந்த அரசன் வீட்டுப் பெண்கள் அவளைக் கூட்டிப்போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த வீட்டிலும் பேசாமல் இருக்கிறவளை இயாம்பி என்ற பணிப்பெண் கேலி பேசிச் சிரிக்க வைக்கிறாள். பாடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. துக்க வீட்டில் யாராவது ஒரு கிழவி கேலி பேசித்தான் மற்றவர்களைக் கஞ்சி குடிக்க வைப்பாள். டிமிட்டரும் திராட்சை மதுவை மறுத்துவிட்டு, பார்லிமாவும் புதினாவும் கலந்த நீரைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள்.

அப்புறம் அவள் செய்வது வேலைநிறுத்தம். விதை முளைக்கவில்லை. மனிதர்கள் பட்டினி, அதனால் தேவர்களுக்குப் பலியும் இல்லை. ஜீயஸ் தூது மேல் தூது அனுப்புகிறான். அவள் அசையவில்லை. கடைசியில் மகளை விடுவிக்க வேண்டியதாகிறது. ஹேடிஸ் மாதுளை விதை ஒன்றை ஊட்டிவிட்டதால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கீழே, மீதி அம்மாவோடு என்று முடிகிறது. முழு வெற்றி இல்லை, ஒரு சமரசம். ஜீயஸை இறங்கிவரச் செய்தது இடியும் வாளும் அல்ல, வயலில் வேலை செய்ய மறுத்த ஒரு தாய். ஒலிம்பஸ் தெய்வங்களின் கதைகளில் இப்படி இன்னொன்று எனக்குத் தென்படவில்லை.

இந்தக் கதையை ஒட்டித்தான் எலூசிஸின் மறைசடங்குகள் நடந்தன. கிரேக்கம் பேசத் தெரிந்து, கொலைப்பழி இல்லாதவர் யாரும் சேரலாம். பெண்களும் அடிமைகளும் சேர்ந்தார்கள். கோயிலுக்குள் என்ன காட்டினார்கள் என்பதை வெளியே சொன்னால் மரண தண்டனை. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவ ரோமப் பேரரசர் தியோடோசியஸின் ஆணைகளும் கோத் இனத் தலைவன் அலாரிக்கின் படையெடுப்பும் எல்லாவற்றையும் முடித்துவைத்தன என்று பாடநூல்கள் எழுதும்.

முடியவில்லை. சடங்கு போய்விட்டது, அம்மா போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் லெனோர்மான் என்ற பிரெஞ்சு ஆய்வாளரிடம் எலூசிஸ் பக்கத்து முதிய பாதிரியார் ஒருவர் புனித டிமிட்ராவின் கதையைச் சொன்னார். திருச்சபைப் பட்டியலில் அப்படி ஒரு புனிதையே கிடையாது. அந்தக் கதையிலும் மகளைத் தூக்கிப்போகிறார்கள். தூக்கிப்போகிறவன் ஹேடிஸ் அல்ல, கறுப்புக் குதிரையில் வரும் ஒரு துருக்கிய ஆகா, அதாவது பிரபு. ஞாயிறுதோறும் மாதாகோயிலுக்குப் போகிறவர்கள், துருக்கியர் ஆட்சியில் வாழ்ந்தவர்கள், தங்கள் காலத்து வில்லனைப் போட்டுப் பழைய கதையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரு குவித்ததும் அதே தொடர்ச்சிதான்.

உங்கள் பக்கத்திலிருந்து வரக்கூடிய பதில்களை யோசித்துப் பார்த்தேன்.

சாணக்குவியலில் கிடந்ததை மீட்டோம் என்பீர்கள். அந்த எருதான் காணிக்கை. விவசாயியிடம் அதைவிடப் பெரிதாக என்ன இருக்கும்?

அவள் டிமிட்டரே அல்ல என்பீர்கள். சரி, அது உண்மை. ஆப்பியஸ் கிளாடியஸ் புல்கர் என்ற ரோமானியர் நேர்ந்துகொண்டு கி.மு. 1ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நுழைவாயிலைத் தாங்கிய இரண்டு பெண்களில் ஒருத்தி அவள். சடங்குப் பேழையைச் சுமக்கும் பணிப்பெண். சிற்பி நினைத்தது அது. பின்னால் வந்த உழவர்கள் அந்தக் கல்லைத் தாயாக்கிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் இது அதிசயமே இல்லை. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிடப்பட்டது புத்தர் சிலை என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு கல்லின் வரலாற்றில் உளி பட்ட நாளும் உண்டு, மாலை விழுந்த நாட்களும் உண்டு.

முறையான அனுமதி இருந்தது என்பீர்கள். தொலைநோக்கியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

சட்டம் தடுக்கிறது என்று மட்டும் நீங்கள் சொல்ல முடியாது. சேகரிப்பிலிருந்து பொருள்களைக் கொடுத்துவிடாதபடி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கையைக் கட்டும் 1963ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ஊரிலேயே ஜீசஸ் கல்லூரி 2021இல், பழைய பெனின் அரசிலிருந்து கொள்ளைபோன வெண்கலச் சேவலை நைஜீரியாவிடம் ஒப்படைத்தது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியைத் திருப்பித்தரப் பல்கலைக்கழகம் 2024இல் சம்மதித்தது. அதற்கு ஆதாரமாக நின்றது 1957இல் கோயிலில் எடுத்த ஒரு புகைப்படம். உங்கள் விஷயத்தில் புகைப்படம்கூடத் தேவையில்லை. எங்கிருந்து, யாரிடமிருந்து, எப்படி எடுத்தேன் என்று எடுத்தவரே விவரமாக அச்சிட்டு வைத்திருக்கிறார்.

எலூசிஸ் இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் சிமென்ட் ஆலையும் சூழ்ந்த தொழில் நகரம். 2023இல் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரங்களில் ஒன்றாக இருந்தது. அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வாயிலின் இன்னொரு பெண், முகம் சிதையாமல், அங்கேதான் நிற்கிறாள். கேம்பிரிட்ஜுக்கு ஒரு வார்ப்பு நகல் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் படிக்க அது போதும்.

உடனே முடியாது என்றால், அதுவரை ஒன்று செய்யுங்கள். சிலைக்குப் பக்கத்தில் ஆப்பியஸ் கிளாடியஸுக்கும் கிளார்க்குக்கும் எத்தனை வரி தருகிறீர்களோ, அத்தனை வரி எலூசிஸ் உழவர்களுக்கும் தாருங்கள். எரு, மாடு, பாதிரியாரின் முதல் வெட்டு எல்லாம் அதில் இருக்கட்டும். கிளார்க்கின் நூலிலிருந்தே எடுத்துப் போடலாம்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகன்