பாப்பாவுக்கு, கேமரா விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. மாடி போர்ஷன் காலியாகிவிட்டது.

பொங்கலன்று வண்டிக்கு மாலை போட்டு எடுத்த போட்டோ பார்த்தோம். அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கின வண்டி, காட்டட்டும். நானும் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கேமரா. காரின் முன் கண்ணாடியில் ஒட்டி ரோட்டைப் பதிவு செய்கிற டாஷ் கேம் ஒன்று மாட்டிக்கொள் என்று ஆயுத பூஜையிலிருந்து சொல்கிறேன். "பார்க்கலாம்பா" என்கிறாய். இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை, இந்த மாதமே வாங்கு.

கடைக்காரர் 4கே, 4கே என்பார். அதற்கு மயங்காதே. நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி, உள்ளே இருப்பது பேட்டரியா, கெபாசிட்டரா என்பது. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்தின வண்டிக்குள் சித்திரையில் சூடு 60 டிகிரிக்குப் போகும். கேமரா ஒட்டியிருப்பது முன் கண்ணாடியில், அங்கே இன்னும் அதிகம். லித்தியம் பேட்டரி உப்பி மூடியைப் பிளந்துவிடும். சூப்பர் கெபாசிட்டர் உப்பாது. அது கரண்ட் போன பிறகு சில விநாடிதான் தாங்கும், ஆனால் அதற்குள் கடைசி ஃபைலை மூடிவிடும். இடித்த வேகத்தில் வயர் பிடுங்கிக்கொண்டாலும் அந்தப் பதிவு பாழாகாது.

அடுத்தது சென்சார். ராத்திரி எதிர் லைட்டில் நம்பர் பிளேட் வெள்ளையாகக் கரைந்துபோகும். மெகாபிக்சலைக் கூட்டினால் அது சரியாகாது. குறைந்த வெளிச்சத்திலும் பிடிக்கிற சோனி ஸ்டார்விஸ் சென்சாரும், வெளிச்சத்தையும் இருட்டையும் சமன் செய்கிற டபிள்யூடிஆரும் இருக்கிறதா என்று பெட்டியில் பார். கோணம் 140 டிகிரி போதும். 170 என்றால் ரோட்டோரக் கடைவரை தெரியும், ஆனால் முன்னால் போகிற வண்டியின் நம்பர் எறும்பு ஊர்கிற மாதிரி சிறுத்துவிடும். எவ்வளவு நல்ல கேமராவும் ராத்திரி ஓடுகிற வண்டியின் நம்பரை எப்போதும் பிடித்துவிடாது. அதனால் ஏதாவது நடந்தால் நம்பரை வாய்விட்டுப் படி. மைக்கில் உன் குரல் பதிவாகியிருக்கும். மைக்கை அணைத்து வைக்காதே.

மெமரி கார்டில் மிச்சம் பிடிக்காதே. போன் கார்டு இதற்கு ஆகாது. இரவுபகலாக அழித்து அழித்து எழுதுகிற வேலை என்பதால் சில மாதத்தில் செத்துவிடும், செத்தது உனக்குத் தெரியவும் தெரியாது. 'ஹை என்டியூரன்ஸ்' என்று அச்சிட்ட கார்டு, 128 ஜிபி, யு3 என்ற வேகக் குறி இருக்க வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு கேமரா ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி ஆகும். ஓசூரிலிருந்து சேலம் வர மூன்று மணி நேரம், போய்த் திரும்பினாலும் அழியாது. மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மேட் செய், கம்ப்யூட்டரில் வேண்டாம். வேண்டிய பதிவை எடுத்து வைத்துக்கொண்டு செய்.

ஒட்டுகிற இடம், நடுக் கண்ணாடிக்குப் பின்னால், கொஞ்சம் இடதுபக்கம். உட்கார்ந்தால் உன் கண்ணுக்குத் தெரியக்கூடாது. வைப்பர் துடைக்கிற வட்டத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையில் ஒன்றும் தெரியாது. கண்ணாடி மேல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிப் புள்ளியாக இருக்கும், அதன்மேல் ஒட்டாதே, டேப் நிற்காது. ஸ்பிரே கிளீனர் பிசுபிசுப்பை விட்டுவிடும். மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கித் துடை, காயவிடு, டேப்பை ஒட்டி அரை நிமிடம் அழுத்து. கேமராவை ஒருநாள் கழித்து மாட்டு. அவசரப்பட்டால் இரண்டாம் நாள் மத்தியானம் மடியில் வந்து விழும். டாஷ்போர்டில் வெள்ளை ரப்பர் மேட் போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. பகலில் அதன் நிழல் கண்ணாடியில் விழுந்து ரோட்டை மறைக்கும். பிள்ளையார் இருக்கட்டும், ஓரமாக நகர்த்து.

வயரை மேல் லைனிங்குக்குள் சொருகிக்கொண்டே முன் கண்ணாடி ஓரத்து வலது பில்லருக்கு வந்து, கதவு ரப்பரை இழுத்து அதன் உள்ளே இறக்கு. உன் வண்டியில் 2 ஏர்பேக்தான், பில்லரில் இல்லை. ஆனாலும் பில்லர் மூடியில் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள். இருந்தால் வயர் அதன் பின்புறமாகத்தான் போக வேண்டும், முன்னால் போனால் பை விரிகிற வழியில் குறுக்கே நிற்கும். டாஷுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் போட்ட வயர் எதைப் பார்த்தாலும் கை வைக்காதே. அது ஏர்பேக்குடையது.

ஹார்ட்வயர் கிட்டில், அதாவது ஃபியூஸ் பெட்டியிலிருந்து கேமராவுக்குக் கரண்ட் எடுக்கிற வயர் செட்டில், மூன்று வயர் வரும். பெரும்பாலும் சிவப்பு ஏசிசி (சாவி போட்டால் மட்டும் கரண்ட்), மஞ்சள் நேர் பேட்டரி, கறுப்பு எர்த். சில கம்பெனியில் சிவப்பும் மஞ்சளும் மாறியிருக்கும், அதனால் தாளைப் படித்துவிட்டுச் செய். டெஸ்ட் லேம்ப் பிடிக்க ஏழாவது படிக்கும்போதே கற்றுக்கொண்டவள் நீ. பட்டறையில் இருக்கிற பையன்களுக்கு இன்னும் அந்தக் கை வரவில்லை. சாவி போட்டால் லேம்ப் எரிந்து, எடுத்தால் அணைகிற ஃபியூஸ் சிவப்புக்கு. சிகரெட் லைட்டர் ஃபியூஸ் சரியாக இருக்கும். எப்போதும் எரிகிறது மஞ்சளுக்கு. ரூம் லேம்ப் ஃபியூஸ் எடுத்துக்கொள். ஏபிஎஸ், ஏர்பேக், இன்ஜின் ஃபியூஸ் பக்கமே போகாதே. வயரை வெட்டாமல், ஃபியூஸ் இடத்தில் சொருகி இன்னொரு லைன் எடுக்கிற ஃபியூஸ் டேப் போடு, உள்ளே 2 ஆம்பியர் அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பழைய ஃபியூஸைப் போடாமல் கேமரா ஃபியூஸை மட்டும் வைத்துச் சோதி. கேமரா ஆன் ஆனால் ஃபியூஸ் டேப் சரியான பக்கம் இருக்கிறது. ஆகவில்லையென்றால் திருப்பிப் போடு. எர்த், பெயின்ட் அடித்த போல்ட்டில் பிடிக்காது, வெறும் இரும்பு தெரிய வேண்டும். மிச்ச வயரைச் சுருட்டி டை போட்டு மேலே கட்டு. அந்தச் சுருள் அவிழ்ந்து பிரேக் பெடலுக்குப் பின்னால் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி நிற்கும்போதும் ஓடுகிற பார்க்கிங் ரெக்கார்டிங் கால் ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 6 ஆம்பியர் அவர். உன்னுடையது 35 ஆம்பியர் அவர் பேட்டரி. மூன்று நாள் எடுக்காமல் நின்றால் பாதி காலி. அதனால் கேமரா தானாக அணைகிற கட்-ஆஃப் 12.4 வோல்ட்டில் வை. 11.8 என்று வைத்தால் காலையில் ஸ்டார்ட்டர் டிக் டிக் என்னும், நீ தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டும்.

குலுக்கலைக் கண்டு ஃபைலைப் பூட்டுகிற ஜி சென்சாரை 'லோ'வில் வை. இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் ஒரு ஃபைலைப் பூட்டி, கார்டு நிறைந்து, பழையதை அழித்துப் புதிதை எழுதுகிற லூப் நின்றுவிடும். தேதி, நேரம் சரியாக இருக்க வேண்டும். ஜிபிஎஸ் இருந்தால் உன் வேகமும் விழும். அணைக்கத் தோன்றும், அணைக்காதே. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நீ எந்த கியரில் வருகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது கியரில் வா. முன்னால் லாரி இருந்தால் பின்னாலேயே வா. பின்னால் லாரி வந்தால் வழி விடு, பிரேக் பிடிக்காத லாரியாக இருக்கலாம். ராத்திரி ஷிப்ட் முடித்துக் கிளம்பாதே என்று எத்தனை முறை சொல்லிவிட்டேன். படுத்து எழுந்து காலையில் கிளம்பு.

பதிவில் ஏதாவது இருந்தால் கார்டைக் கழற்றிக் கவரில் போட்டுத் தேதி எழுதி வை. வாட்ஸ்அப்பில் போனது அசலாகாது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற பாரதிய சாட்சிய சட்டத்தில் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும், ஃபைல் மாறவில்லை என்று காட்டுகிற ஹாஷ் எண்ணும் கேட்பார்கள், அதற்குக் கார்டு கைபடாமல் இருந்தால்தான் நல்லது. ஆனால் கேமராவெல்லாம் அப்புறம். யாருக்காவது அடி என்றால் முதலில் 108. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது, அடிபட்டவருக்கு வைத்தியம், 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல். கூட்டம் சேர்ந்து பயமாக இருந்தால் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல். அந்த நேரம் தாண்டிவிட்டாலும் போய்ச் சொல்லிவிடு, நான் கூட வருவேன்.

பாப்பா, போட்டோவில் வலது ஹெட்லைட் மஞ்சளாக இருக்கிறது. இடது ஹெட்லைட் புதுசு, கண்ணாடி மாதிரி இருக்கிறது. இடது ஃபெண்டருக்கும் பம்பருக்கும் நடுவில் சந்து கொஞ்சம் அதிகம். முப்பது வருஷம் பார்க்கிற வேலை, மாலை போட்டாலும் தெரியும்.

பிளஸ் டூவில் ஸ்கூட்டியைக் கீழே போட்டுவிட்டு உருட்டிக்கொண்டு வந்தாய். பட்டறை வாசலில் நாலு பேர் முன்னால் நான் கேட்டது, "ஹெட்லைட் டூம் என்ன விலை தெரியுமா?" உன் முழங்கையை அன்று ராத்திரி அம்மா மருந்து போடும்போதுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு நீ ஒரு கீறலைக்கூட என்னிடம் சொன்னதில்லை. அந்தப் பழக்கம் நான் கொடுத்தது. தப்பு என்னுடையது.

இப்போது விலை கேட்கவில்லை. உனக்கு அடி பட்டதா? எதிரில் வந்தவருக்கு ஒன்றும் இல்லையே?

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பகலில் வண்டியை எடுத்து வா. கேமராவைச் சேர்ந்தே மாட்டலாம். வலது ஹெட்லைட்டையும் 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துத் தருகிறேன்.

அப்பா