நிரப்பாமல் விட்ட ஒரு வரிக்கு நன்றி

எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும், அவர்களுள் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளத் தவறிய தட்டச்சர் ஐயாவுக்கும்,

வணக்கம். போகிக்கு இரண்டு நாள் முன்னதாக, 2024 ஜனவரி 12 வெள்ளிக்கிழமை, காணாமற்போன விமானத்தின் சிதைவுகள் வங்கக் கடலடியில் தென்பட்டதாக வந்த அறிவிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 போக்குவரத்து விமானம் என்ன ஆயிற்று என்பதை நான் இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. 2016 ஜூலை 22 முதல் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டில் அதற்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. அந்தக் கூரியர் விமானத்தில் என் தம்பி இருந்தான், இவ்வளவு போதும். அன்றும் வெள்ளிக்கிழமைதான் என்று அம்மா சொன்ன பிறகே நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன்.

முதலில், மொத்தமாகவேனும் சொல்லிவிட வேண்டிய நன்றிகள் சில உள்ளன. பருவமழைக் கடலில் வாரக்கணக்கில் அலைந்து தேடிய கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை வீரர்களுக்கும், அந்த நாட்களில் அடித்தளத்தைத் துழாவிய ‘சாகர் நிதி’, ‘சமுத்ரா ரத்னாகர்’ ஆய்வுக் கப்பல்களின் மாலுமிகளுக்கும், செய்தி ஏதும் இல்லாத நாளிலும் ‘இன்று செய்தி ஏதும் இல்லை’ என்று சொல்வதற்காகவே தொலைபேசியில் அழைத்த அதிகாரிக்கும், மற்ற 28 வீட்டாருக்கும், ஆறுதல் சொல்ல வராமல் சமைத்து வைத்துவிட்டுப் போன அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் அறிவியலாளர்களுக்குப் பின்னர் தனியாகச் சொல்கிறேன்.

ஐயா, இந்த மடல் பெரும்பாலும் உங்களுக்கானது. உங்களுக்கு எங்களை நினைவிருக்க நியாயமில்லை. தேடுதல் நிறுத்தப்பட்டு, விமானத்தில் இருந்த அனைவரும் இறந்தவர்களாகவே கருதப்படுகிறார்கள் என்ற கடிதம் அந்தச் செப்டம்பரில் வந்தது. அதன் பிறகு ஒருநாள், வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதுவதற்காக நாங்கள் மூவரும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் தட்டச்சுப்பொறியோடு உட்கார்ந்திருந்த உங்களிடம் வந்தோம். பெற்றோரே பிள்ளைக்கு வாரிசாக நிற்கும் அந்த மனுவை நீங்கள் ஒன்றும் கேட்காமல் அடித்துக்கொண்டே வந்தீர்கள். இறந்த நாள் என்ற இடத்தில் கடிதத்தைப் பார்த்து நாளை அடித்தீர்கள். அடுத்த வரி, இறந்த இடம்.

அப்பா “கடல்” என்றார். நீங்கள் எந்த எழுத்தையும் தொடாமல் விரலைத் தூக்கியபடியே இருந்தீர்கள். “கடல்னு எழுதுறது இடமா ஐயா? வேணாம். தெரிஞ்ச பிறகு நிரப்பிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, முற்றுப்புள்ளிகளை வரிசையாகத் தட்டி அந்த வரியைக் காலியாக விட்டீர்கள். பிறகு தாளை உருவி அம்மாவிடம் கையெழுத்துக்குக் கொடுத்தபோது, மகனின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்றிருந்த வரியின்மேல் ஒரு கார்பன் தாளை மடித்து வைத்து உங்கள் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். அம்மா அந்தச் சொல்லைப் பார்க்காமலே கையெழுத்திட்டார். அதற்கு முன் இரண்டு அலுவலகங்களில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தவர் அவர். அது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இடம் எழுதாத மனுவை வாங்குவார்களா என்று நான் கேட்டேன். கடையை அப்படியே போட்டுவிட்டு எங்களோடு உள்ளே வந்தீர்கள். விமானப்படையின் கடிதத்தைக் காட்டி, இதில் இல்லாததை நாம் எப்படி எழுதுவது என்று பணிவாகக் கேட்டீர்கள், மனு ஏற்கப்பட்டது. கூலி கொடுக்க அப்பா சட்டைப்பையைத் தொட்டபோது, “இடம் தெரிஞ்சதும் வாங்க. அந்த ஒரு வரியையும் அடிச்சுட்டு மொத்தமா வாங்கிக்கிறேன்” என்றீர்கள். நகலை அப்பா நெகிழி உறையில் போட்டு அலமாரியில் வைத்தார்.

அன்று அதை இரக்கம் என்று மட்டுமே எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு என்ன இல்லை என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டவர் நீங்கள்தான் என்று பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது. நாள் எங்களிடம் இருந்தது. விமானம் 23,000 அடி உயரத்திலிருந்து சட்டென்று இடப்பக்கம் திரும்பி வேகமாக உயரம் இழந்ததை ரேடார் காட்டியது என்பதும் இருந்தது. இடம்தான் இல்லை. இடமில்லாத சாவுக்குக் காரியம் செய்வதா, விளக்கேற்றுவதா, படத்துக்கு மாலை போடுவதா என்று ஒவ்வோர் ஆடியிலும் வீட்டில் ஒரு பேச்சு வரும், முடியாமல் நின்றுபோகும். 1968-இல் சண்டிகரிலிருந்து லே நகருக்கு 102 பேருடன் சென்று இமயமலையின் ரோத்தாங் பகுதியில் காணாமற்போன ஏ.என்.-12-இன் சிதைவுகளை 2003-இல் மலையேறிகள் கண்டார்கள். அந்த வீடுகள் 35 ஆண்டு இப்படி இருந்திருக்கின்றன. 2019-இல் ஜோர்ஹாட்டிலிருந்து மேச்சுகாவுக்குக் கிளம்பிய ஏ.என்.-32, 13 பேரோடு மலையில் மோதியது. 8 நாளில் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்தது பொறாமை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். 1986-இல் ஜாம்நகரை நோக்கி வரும் வழியில் அரபிக்கடலில் மறைந்த ஏ.என்.-32-இல் இருந்த 7 பேரின் வீட்டாருக்கு இன்றுவரை அந்த வரி காலியாகவே இருக்கிறது.

எங்கள் வரிக்கு இப்போது விடை வந்திருக்கிறது. கடல்சார் நிறுவனத்தினர் இறக்கிய ஆளில்லாத் தானியங்கிக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் சோனார் என்னும் ஒலியலைக் கருவி கொண்டு தரையைத் துழாவி, படமும் எடுத்து வந்தது. அந்தப் படங்களில் இருப்பவை ஏ.என்.-32-இன் பாகங்களோடு ஒத்துப்போகின்றன என்றும், சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவிலுள்ள அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை என்றும் சொன்னார்கள். அம்மா அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, அங்கே வெளிச்சம் இருக்குமா என்று கேட்டார். சூரிய ஒளி அதில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குக்கூட உருப்படியாக எட்டாது. படத்தில் தெரிவது அந்தக் கலம் கொண்டுபோன விளக்கின் வெளிச்சம் என்று சொன்னேன். “அப்படின்னா இத்தனை வருஷத்துல அவன் போன விமானத்து மேல விழுந்த முதல் வெளிச்சம் அவங்க வெச்சதுதான்” என்றார். அறிவியலாளர்களே, உங்களுக்குச் சொல்ல நினைத்திருந்த நன்றியை அம்மா என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். ஏழரை ஆண்டு ஆகிவிட்டது என்று கணக்குப் பார்த்து, “சனி விட்டுச்சு போல” என்று அவர் இலேசாகச் சிரித்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். அந்தச் சிரிப்பும் உங்களால் வந்ததே.

இனி என் பங்குக்கு ஒன்று செய்வதாக இருக்கிறேன். ஆபத்தில் விமானம் அனுப்பும் வானொலிச் சமிக்ஞை கடல்நீருக்குள்ளிருந்து வெளியே வராது. நீருக்கடியில் ஒலி எழுப்பும் சிறு கருவி இருந்தால், அதன் மின்கலம் தாங்கும் 30 நாளோ 90 நாளோ, தேடுபவருக்கு ஒரு திசையாவது கிடைக்கும். கடலைக் கடக்கும் ராணுவப் போக்குவரத்து விமானம் ஒவ்வொன்றிலும் அது இருக்கிறதா என்று ஆண்டுதோறும் ஜூலை 22 அன்று அரசுக்கு ஒரு மனு எழுதிக் கேட்பேன். மனு எழுதுவது எப்படி என்று உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், ஐயா.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் நகலை எடுத்துக்கொண்டு உங்களைத் தேடி வந்தோம். புங்கமரம் இருந்தது, மேசை இல்லை. நீங்கள் வருவதை நிறுத்தி இரண்டு ஆண்டு ஆகிறது என்று பக்கத்துக் கணினிக் கடைக்காரர் சொன்னார். ஊரும் அவருக்குத் தெரியவில்லை. அந்த வரியைத் தாம் அடித்துத் தருவதாக நல்ல மனத்தோடுதான் கேட்டார். அப்பா வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, உறையிலிருந்து தாளை எடுத்து, நீங்கள் தட்டிய புள்ளிகளின்மேல் அப்பாவே பேனாவால் எழுதினார்: வங்கக் கடல், சென்னைக்குக் கிழக்கே 140 கடல் மைல், 3,400 மீட்டர் ஆழம். கை நடுங்கியதால் கடைசிச் சுழி கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. உங்கள் கூலி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள் என்று யார் வழியாகவாவது சொல்லி அனுப்புங்கள். மூவருமாக வந்து கொடுத்துவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா