உடைக்கிற வேலையை அறை அறையாகப் பிரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருந்துகொண்டே வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "ஒவ்வொரு அறையாக எடுத்து முடியுங்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி வேலைக்கு மட்டுமே அது பொருந்தும்.

உடைப்பது, வயரும் குழாயும் பதிக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டுவது, பழைய தரையைப் பெயர்ப்பது ஆகிய மூன்றையும் வீடு முழுவதற்கும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். அந்தச் சில நாள்கள் மட்டும் குடும்பம் வேறிடத்தில் தங்கட்டும். பூச்சு, டைல்ஸ், மரவேலை, பெயின்ட் எல்லாம் பிறகு அறை அறையாக நடக்கலாம். முதல் அறையைப் பெயின்ட் வரை முடித்துவிட்டு, இரண்டாவது அறையில் சுவர் வெட்டும் கிரைண்டர் மெஷினை வைத்துப் பாருங்கள். முடிந்த அறையின் அலமாரிக்குள் சாம்பல் நிற மாவு படிந்திருக்கும். வயரும் தண்ணீர்க் குழாயும் அறையின் எல்லை பார்த்து ஓடுவதில்லை. அடுத்த அறைக்குப் போகும் பைப்புக்காக, பெயின்ட் காய்ந்த சுவரையே மறுபடி வெட்ட நேரும்.

கான்கிரீட், கிரானைட், டைல்ஸ் வெட்டும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூள் சீக்கிரம் தரையில் விழுந்துவிடும். தெரியாத நுண்தூள்தான் மணிக்கணக்கில் காற்றில் நின்று நுரையீரலின் ஆழம்வரை போகிறது. தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்த மெஷினைப் பயன்படுத்தினால் பெரும்பகுதி தூள் கிளம்பும் இடத்திலேயே அடங்கிவிடும். துணி முகக்கவசம் இதற்கு உதவாது; என்95 வேண்டும், வெட்டுகிற தொழிலாளிக்கும் சேர்த்து. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்வாகத் தேய்க்கவோ தீயில் காட்டிச் சுரண்டவோ விடாதீர்கள். ஈரப்படுத்தித்தான் சுரண்ட வேண்டும்.

குடும்பம் திரும்பி வந்த பிறகு நடக்கும் வேலைகளின் தூசியை, நிலைப்படியில் பழைய புடவையைத் தொங்கவிட்டுத் தடுக்க முடியாது. 150 மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். போய்வர நடுவில் நீளவாக்கில் ஒரு கீறல், அதன் மேல் திரைபோல இன்னொரு தாள். வேலை நடக்கும் அறையின் சன்னலில் ஒரு ஃபேனை, காற்று வெளியே போகும்படி வைத்து, மற்ற சன்னல்களைச் சாத்திவிடுங்கள். இப்போது தாளைக் கவனியுங்கள். வேலை அறைப் பக்கம் தொப்பை போட்டு உப்பியிருந்தால் ஏற்பாடு சரி. நீங்கள் இருக்கும் பக்கம் உப்பினால் தூசி உங்களை நோக்கி வருகிறது. எங்கோ சன்னல் திறந்திருக்கிறது, அல்லது ஃபேன் போதவில்லை.

அடுத்தது குளியலறை. வீடு முழுவதையும் ஒரே மூச்சில் உடைப்பதற்கு இது மட்டும் விலக்கு. "ஐந்தே நாளில் முடித்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், நீர்க்கசிவுச் சோதனையை விட்டுவிடப் போகிறார்கள் என்று பொருள். உடைத்து, குழாய் பதித்து, பூசி, பூச்சு இறுகி, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்துக் காய்ந்து, டைல்ஸ் ஒட்டி இடைவெளி அடைக்க இரண்டு வாரமாவது பிடிக்கும். டைல்ஸுக்கு முன் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட வேண்டும். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரிலும் குறி வையுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது ஆவியானது; தரையில் மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு. இரண்டு குளியலறை இருந்தால் ஒன்று முழுமையாகப் பயன்பாட்டுக்கு வரும்வரை மற்றதில் சுத்தியல் படக் கூடாது. ஒன்றுதான் என்றால், மாற்று ஏற்பாடு முடிவாகும் முன் உடைக்கத் தொடங்காதீர்கள். உடைக்கும் முன் வடிகால் வாயைச் சாக்கும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைப்பதும் முக்கியம். உள்ளே போன சிமென்ட் பால் குழாயிலேயே கல்லாகிவிடும்.

மாடி வீடுகளில் மணலையும் இடிபாட்டையும் அறை நடுவே குவிப்பதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. உலர்ந்த மணலையே 30 செ.மீ. உயரம் குவித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 480 கிலோ ஆகிவிடும்; நீரில் ஊறிய மணல் இன்னும் கனக்கும். அன்றாட இடிபாட்டை அன்றன்றே இறக்கிவிட வேண்டும்.

மின்சாரத்தில் மன்னிக்க முடியாத பழக்கம் ஒன்று உண்டு: வெறும் வயரை பிளக் ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியைச் செருகுவது. ஈரத் தரையில் நின்று மெஷின் பிடிப்பவருக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. எல்லா மெஷினும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகவே ஓடட்டும். தினமும் காலையில் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் பிரித்த பிறகே பயன்படுத்த வேண்டும். சுருளுக்குள் சூடேறி மேலுறை உருகும்.

மரப் பாலீஷில் கலக்கும் தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றும்; காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். பாலீஷ் அடிக்கும் நாளில் தற்காலிகச் சமையலறை எத்தனை அறை தள்ளி இருந்தாலும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

பட்டி தேய்த்து முடித்த அறையில் சீலிங் ஃபேனை உடனே போட்டுவிடாதீர்கள். இறக்கையின் மேல்புறத்தை ஈரத்துணியால் துடைத்த பிறகு போடுங்கள். உலர்ந்த துடைப்பத்துக்கும் இந்த வேலையில் இடமில்லை. ஒப்பந்தத்தில் "வேலை முடிந்ததும் மொத்தமாகச் சுத்தம் செய்து தரப்படும்" என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, "தினமும் மாலை கடைசி அரை மணி நேரம் ஈரத்துடைப்பு" என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டுமானப் பொறியாளர்