மேடையைக் கொஞ்சம் சுருக்குங்களேன்: யூஎக்ஸ் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) மீட்டப்களையும் மாநாடுகளையும் பயிலரங்குகளையும் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். ஒன்பது வருடமாக உங்கள் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருக்கிறேன். நாற்காலி அடுக்கியிருக்கிறேன், பெயர் அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு முறை மேடையேறிப் பேசியும் இருக்கிறேன் (இரண்டாவது பேச்சு சொதப்பல், அதை விட்டுவிடுவோம்). அந்த உரிமையில் எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் இருக்கிறது. கோபப்படும் அளவுக்கு இந்தக் கூட்டங்கள் எனக்கு வேண்டியிருக்கின்றன என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

என் அலுவலகத்தில் டிசைனர் என்றால் நான் ஒரே ஆள்தான். டெவலப்பர்கள் இருபது பேர், ப்ராடக்ட் மேனேஜர்கள் மூன்று பேர், அப்புறம் நான். வரைந்து காட்டினால் 'நல்லா இருக்கே' என்று சொல்ல ஆள் உண்டு. 'அந்த நீலத்தைக் கொஞ்சம் மாத்தலாமா' என்று கேட்க ஏகப்பட்ட ஆள் உண்டு. 'மூன்றாவது ஸ்கிரீன் எதற்கு, அதில் கேட்பதை முதல் ஸ்கிரீனிலேயே கேட்டாயிற்றே' என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. என்னைப் போலத் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவர்களை உங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் பார்க்கிறேன், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தனி ஆளால் எவ்வளவு பார்க்க முடியும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பயன்பாட்டு ஆய்வாளர்கள் யாக்கோப் நீல்சனும் ரால்ஃப் மோலிக்கும் 1990இல் சிஎச்ஐ என்ற மனித-கணினி உறவாடல் மாநாட்டில் ஒரு கட்டுரை வைத்தார்கள். ஒரு இன்டர்ஃபேஸைச் சில பொது விதிகளோடு ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிக்கும் முறையை நான்கு சோதனைகளில் போட்டுப் பார்த்ததில், தனித்தனியாகப் பார்த்தவர்கள் 20 முதல் 51 சதவீதக் குறைகளைத்தான் பிடித்தார்களாம். அதே ஆட்களில் மூன்று முதல் ஐந்து பேர் எழுதியதை ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவோ தேவலை, ஏனென்றால் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்கிறார். நாம் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அந்தப் பத்து விதிகள் (1994இல் நீல்சன் திருத்தியவை) இந்த வேலையின் தொடர்ச்சிதான். ஆக, என் வேலையை நானே எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அதில் பெரும் பங்கு எனக்குத் தப்பத்தான் போகிறது. இன்னும் நான்கு ஜோடிக் கண்கள் வேண்டும். உங்கள் தயவில் அவை மாதம் ஒருமுறை ஒரே அறைக்கு வருகின்றன, வந்து எல்லாமே ஒரே பக்கம் திரும்பி மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

மேடையில் நடப்பது உங்களுக்கும் தெரியும். நாற்பத்தைந்து நிமிடம், அறுபது ஸ்லைடு. ஒரு பிரச்சினை இருந்தது, ஆய்வு செய்தோம், பயனர்கள் சரியான நேரத்தில் சரியான வாக்கியத்தைச் சொன்னார்கள், அதை மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டினோம், புதிய டிசைன் வந்தது, வரைபடம் மேலே ஏறியது. கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும்: எல்லோரும் சிரிக்கிறார்கள், அன்று காலையில் நடந்த சண்டை ஒரு படத்தில்கூட இல்லை. எனக்கு அந்தச் சண்டைதான் வேண்டும்! ஆய்வில் வந்ததை மேலே இருப்பவர் ஒப்புக்கொள்ளாதபோது என்ன செய்தீர்கள், ஒரு வாரம் மட்டுமே இருந்தபோது எதை வெட்டினீர்கள், எதை வெட்டியதற்காக இன்னும் வருத்தப்படுகிறீர்கள். இதெல்லாம் இடைவேளையில் கதவோரமாகக் கிசுகிசுவாகக் கிடைக்கிறது, அதுவும் பேச்சாளரைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்குள் முண்டியடித்து நுழையத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

நான் போனதிலேயே உருப்படியான கூட்டம், ப்ரொஜெக்டர் வேலை செய்யாமல் போன கூட்டம். பேசவந்தவர் பத்து நிமிடம் வயரை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்துவிட்டு, சரி போகட்டும் என்று கீழே வந்து எங்கள் நடுவில் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். காட்டவந்த கேஸ் ஸ்டடியைக் காட்டவில்லை. அன்று மதியம்வரை அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வேலையைக் காட்டினார்: முன்பதிவு செய்த நேரத்தை மாற்றுவதற்கான ஸ்கிரீன். 'நேரம் மாற்று' என்று பட்டன் இருந்தும் ஆட்கள் அதைத் தொடாமல், இருக்கிற பதிவை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்யப் போகிறார்கள், அதற்குள் நல்ல நேரமெல்லாம் போய்விடுகிறது, அப்புறம் உதவி மையத்துக்குக் கத்துகிறார்கள். மூன்று வடிவம் போட்டுப் பார்த்தாராம். பட்டனைப் பெரிதாக்கினார், நிறம் மாற்றினார், மேலே தூக்கி வைத்தார். ஒன்றும் ஆகவில்லை.

பதினைந்து பேர் இருந்தோம். மூலையில் இருந்த ஒருவர் கேட்டார்: நேரம் மாற்று என்பதை அழுத்தினால் என் பழைய நேரம் அப்போதே போய்விடுமா, இல்லை புதியதைத் தேர்ந்தெடுக்கும்வரை எனக்காகக் காத்திருக்குமா? பேசவந்தவர் யோசித்துவிட்டு, 'போகாது, அது பத்திரமாக இருக்கும்' என்றார். 'அதை ஸ்கிரீனில் எங்கே சொல்லியிருக்கிறீர்கள்?' எங்குமே சொல்லவில்லை. அந்தப் பட்டன் பழைய நேரத்துக்கு என்ன செய்துவிடுமோ என்று பயந்துதான் ஆட்கள் தங்களுக்குப் பழக்கமான வழியில் போயிருக்கிறார்கள். மாதக்கணக்காகப் பட்டனின் இடத்தை மாற்றிக்கொண்டிருந்தவருக்கு வேண்டியிருந்தது ஒரு வரி. அதோடு முடியவில்லை. பார்வையற்ற டெஸ்டர் ஒருவர் அன்று வந்திருந்தார், அதே பக்கத்தைத் தன் ஃபோனில் திறந்து திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைச் சத்தமாக வைத்தார். தேதிகளை முன்னும் பின்னும் நகர்த்தும் அம்புக்குறிகள் வந்ததும் அது 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் வாசித்தது. எது முன்னே போகிறது எது பின்னே போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு ஸ்லைடில் 'அணுகல்தன்மை முக்கியம்' என்று எழுதிக் காட்டியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்த மூன்று 'பட்டன்' இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த மாதம் ப்ரொஜெக்டர் சரியாகிவிட்டது, நாமும் பழையபடி வரிசையில் உட்கார்ந்துவிட்டோம்.

என் கோரிக்கை இவ்வளவுதான். இரண்டு கூட்டத்தில் ஒன்றையாவது அப்படி நடத்துங்கள். பேச்சு இருந்தால் அது இருபது நிமிடத்தில் முடியட்டும், மிச்ச நேரம் மேசைக்கு ஐந்து பேராகப் பிரிந்து, ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் தன் முடியாத வேலையை எடுத்து வைக்கட்டும். முடிந்த வேலையை எடுத்துக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள், அதற்கு போர்ட்ஃபோலியோ இருக்கிறது.

'கம்பெனி ரகசியம், வெளியே காட்ட முடியாது' என்று உடனே ஒரு குரல் வரும் என்று தெரியும். நியாயமான குரல்தான், நானும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன்தான். ஆனால் நம்மில் பலர் மாட்டிக்கொண்டு நிற்கும் சிக்கல்களில் ரகசியம் என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை: நீளமான படிவம், புரியாத பிழைச் செய்தி, தேடினால் ஒன்றும் வராத பக்கம். பெயரையும் எண்களையும் பிராண்டையும் எடுத்துவிட்டு, சிக்கலின் எலும்புக்கூட்டை மட்டும் வயர்ஃபிரேமாக (வெறும் கோட்டுப் படமாக) வரைந்து, சந்தேகமிருந்தால் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொண்டுவரலாம். உங்கள் பங்குக்கு நீங்கள் ஒன்று செய்யுங்கள்: அன்றைக்கு வீடியோ கிடையாது, ஃபோட்டோவும் கிடையாது என்று முன்பே அறிவித்துவிடுங்கள். எல்லாவற்றையும் பதிவு செய்து ஏற்றும் பழக்கத்தால் மனம் திறந்து பேசுவது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பயம், பிய்த்து எறிந்துவிடுவார்களோ என்பது. அதுவும் பொய்யில்லை, நம் துறையில் பிறர் டிசைனைக் கிழிப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. இதற்கு லிஸ் லெர்மன் என்ற நடன இயக்குநர் 1990இல் உருவாக்கிய முறை எனக்குப் பிடிக்கும். முதலில் பார்த்தவர்கள், இதில் தங்களுக்கு எது மனதில் நின்றது, எது பட்டது என்று சொல்ல வேண்டும். அடுத்து படைத்தவர் கேட்பார், தனக்கு எங்கே சந்தேகமோ அதைப் பற்றி மட்டும். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்து வைக்கக் கூடாது ('ஏன் இவ்வளவு நெரிசலாக வைத்தீர்கள்' என்பது கேள்வியே இல்லை). கடைசியில்தான் கருத்து, அதுவும் 'இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா' என்று அனுமதி கேட்டுவிட்டு. முதல்முறை நாடகம் போடுவது மாதிரி கூச்சமாக இருக்கும். இரண்டாம் முறை அதன் அருமை தெரியும், ஏனென்றால் மூன்றாவது படியிலேயே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள் டிசைனர்கள், பயனர்கள் இல்லை. நமக்கு ஹாம்பர்கர் மெனு (மூலையில் இருக்கும் அந்த மூன்று கோடு) என்றால் என்னவென்று தெரியும், அதனாலேயே நாம் மோசமான சோதனை ஆட்கள். இங்கே கிடைப்பது சக தொழிலாளியின் கண், அவ்வளவே. உண்மையான பயனரிடம் போவதற்கு முன் வெட்கக்கேடான தவறுகளை வீட்டுக்குள்ளேயே பிடித்துக்கொள்வதற்கு அது போதும்.

புதிதாக வருகிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சான்றிதழ் படிப்புக்கு இன்று குறைவில்லை, கூகுள் 2021இல் கோர்செரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் தொடங்கியது உட்பட எத்தனையோ. அவற்றை நான் குறை சொல்லவில்லை, சொற்களும் படிகளும் அங்கே ஒழுங்காகக் கிடைக்கின்றன. ஆனால் படித்துவிட்டு வருகிறவர்களின் கேஸ் ஸ்டடிகளைப் பாருங்கள், கற்பனைப் பயனர், பயண வரைபடம், வயர்ஃபிரேம், வண்ணம் பூசிய ஸ்கிரீன் என்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அவர்கள் மேல் தப்பில்லை. அனுபவசாலி ஒருவர் தவறான முடிவெடுத்து, தலையைச் சொறிந்து, பின்வாங்குவதை அவர்கள் நேரில் பார்த்ததே இல்லை. மேசைக்கு ஒரு இளையவரையாவது உட்கார வையுங்கள், குறிப்பெடுக்க அல்ல, கேள்வி கேட்க.

பேச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சில மாதம் பேச்சுக்குப் பதில் ஒரு கட்டுரையைச் சேர்ந்து படிக்கலாம். 'ஐந்து பேரிடம் சோதித்தால் போதும்' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஓதுகிறார்கள். அதன் பின்னாலிருக்கும் கணக்கு நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்டது. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டுவருகிறார் என்று வைத்தால்தான் ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் வரும். உங்கள் ப்ராடக்டில் அந்த 31 வெறும் 10 ஆக இருந்தால், அதே ஐந்து பேரில் கிடைப்பது 41 சதவீதம். இதை ஒருமுறை எல்லோரும் பேப்பரில் போட்டுப் பார்த்தால் அந்த மந்திரம் எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்று தெரிந்துவிடும். பணமும் செலவில்லை, 1951 முதல் 2000 வரையிலான கட்டுரைகளை ஏசிஎம் என்ற கணினித் துறைச் சங்கம் 2022லேயே எல்லோருக்கும் திறந்துவிட்டது.

அப்புறம் ஒரு சில்லறைக் குறை. நவம்பர் இரண்டாம் வியாழன் உலகப் பயன்பாட்டு தினம் வந்தால் அணுகல்தன்மை பற்றிப் பேச்சு வைக்கிறீர்கள், மே மூன்றாம் வியாழன் உலக அணுகல்தன்மை விழிப்புணர்வு தினத்துக்கு இன்னொன்று. நல்லது. அந்தக் கூட்டத்துக்கான பதிவுப் படிவத்தில் வெள்ளைமேல் வெளிர் சாம்பல் எழுத்து! சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று அன்று மேடையில் சொல்லப்போவதே நாம்தான். ஸ்பான்சரின் டூல் விளக்கத்துக்குப் 'பயிலரங்கு' என்று பெயர் வைப்பதையும் விட்டுவிடலாம், விளம்பரம் என்றே சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்கிறோம்.

நீங்கள் சம்பளமில்லாமல், வேலை முடிந்த களைப்போடு இதையெல்லாம் செய்கிறீர்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. இன்டராக்‌ஷன் மாநாட்டை 2008இல் தொடங்கிய ஐஎக்ஸ்டிஏ (டிசைனர்களின் உலகளாவிய சங்கம்) போன்ற பெரிய அமைப்பே 2024இல் மூடப்பட்டுவிட்டது, அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. அதனால்தான் இன்னும் ஒன்றைச் சேர்த்துச் செய்யுங்கள் என்று கேட்காமல், ஒன்றைக் குறையுங்கள் என்கிறேன். மேசைக் கூட்டத்துக்குப் பேச்சாளரைத் தேடி அலைய வேண்டாம், போஸ்டர் வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு அறை, நான்கு மேசை, நேரம் பார்க்க ஒரு ஆள். அந்த ஆளாக நான் இருக்கிறேன்.

முதல் வேலையும் நானே கொண்டுவருகிறேன். முகவரி மாற்றும் படிவம் ஒன்று நான்கு மாதமாக என்னைப் படுத்துகிறது. மாற்றிய முகவரி ஏற்கெனவே அனுப்பிவிட்ட பொருளுக்கும் சேர்த்தா, இனி அனுப்பப்போவதற்கு மட்டுமா என்று ஆட்கள் குழம்புகிறார்கள். இரண்டு வடிவம் வைத்திருக்கிறேன், இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு மேசை மட்டும் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
பின்வரிசையில் உட்காரும் ஒரு டிசைனர்