மலையில் வீடு எடுக்கப்போகும் மகளுக்கு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13

அன்புள்ள மகள்,

நீ அனுப்பிய வீட்டுப் படங்களை அப்பாவும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அழகான இடம்தான். இங்கே இரண்டு அறைக்குக் கேட்கிற வாடகையில் அப்புத்தளைப் பக்கம் முழு வீடே கிடைக்கிறது என்று நீ சந்தோஷப்படுவதும் நியாயம். ஆனால் படங்கள் எல்லாம் முன்பக்கம். பண்டாரவளையில் பிறந்து வளர்ந்த எனக்கு, வீட்டின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மலையில் சரிவை வெட்டித்தான் வீட்டுக்கு இடம் எடுப்பார்கள். வெட்டிய அந்த மண்மேடு குசினிச் சுவருக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது? மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கிறார்களா? சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கி வருவது எல்லாம் நிலம் நகர்கிறது என்பதற்கு அடையாளம். வெடிப்பின் மேல் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் விசாரி.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போனது நீ பார்த்த வீட்டிலிருந்து தூரத்தில் இல்லை. அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்தச் சனங்களுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது மகள். ஒரு வீடு சரியில்லை என்றால் இன்னொன்றைப் பார்க்கலாம்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் வெளியேறிவிட வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மழையில் நடு இரவானாலும் சாமானைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. குடிபோன உடனேயே கிராம உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்து வை. அந்த வீட்டில் நீ இருக்கிறாய் என்று தெரிந்தால்தானே அவசரத்துக்கு யாராவது கதவைத் தட்டுவார்கள்?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேள். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் என்றால் ஆடி, ஆவணியில் வற்றுமா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதை விடப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பது நல்லது. குளிரும் அட்டையும் இரண்டு மாதத்தில் பழகிவிடும். உடுப்புக் காயாமல் பூஞ்சணம் பிடிப்பதுதான் பெரிய தொல்லை, அதனால் வெயில் விழும் பக்கம் ஜன்னல் உள்ள அறையில் படு.

அப்புறம், வீட்டுக்காரர் நல்ல மனிதர், வாய்ப்பேச்சே போதும் என்று எழுதியிருந்தாய். நல்லவராகவே இருக்கட்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதி எழுதும் நொத்தாரிசு முன் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். கொடுக்கும் முற்பணமும், அதைத் திருப்பித் தரும் விதமும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்த போயா விடுமுறைக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். அதுவரை முற்பணம் கொடுக்காதே. வேறு யாரும் அந்த வீட்டைக் கேட்கிறார்கள் என்றால் உடனே சொல், அப்பா முன்னதாகவே வந்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா